சாதுவா, ஆபீசரா?

“முதல்லதா, ரெண்டாவதா?” என்று கேட்டுவிட்டு அவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்க மாட்டார். நம் முகத்தைத்தான் பார்ப்பார். புருவம் சுருங்குகிறதா, கண் எந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தங்குகிறது, பதில் சொல்லுமுன் தயங்குகிறோமா என்று கவனிப்பார். திரையின் இடது பக்கம் ஒரு வானம், வலது பக்கம் ஒரு வானம். இரண்டும் அவர் எடுத்த ஒரே வானம்தான். வேறு வேறு மென்பொருளில் போட்டு எடுத்திருக்கிறார்.

“அவசரமில்ல சார். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்துட்டு, நிதானமா சொல்லுங்க.”

நான் வலது பக்கம் என்றேன். அவர் முகம் லேசாக வாடியது. “எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க,” என்றார். எல்லாரும் என்றால் நானும் அவருடைய அக்காவும்தான்.

எங்கள் குடியிருப்பில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிக்கிறவர். இருட்டறையில் நாற்காலியில் உட்கார வைத்து, கனமான சட்டத்தை மூக்கின் மேல் ஏற்றி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, இது தெளிவா?” என்று கேட்பதே பிழைப்பு. தலை நரைக்கத் தொடங்கிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சட்டைப் பையில் எப்போதும் குட்டித் திருப்புளி ஒன்று கிடக்கும். லிஃப்டில் நம்மோடு வந்தால் நாலாவது மாடிக்குள் நம் கண்ணாடியைக் கழற்றி வாங்கிவிடுவார். “காது மேல அழுத்துமே இது, எப்படிப் போட்டுட்டு இருக்கீங்க?” என்று கம்பியை ஒரு வளை வளைத்து, திருகாணியை ஒரு முறுக்கு முறுக்கி, துடைத்து மாட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவார். மாடிப் படியில் போகிறவர்கள் பாதிப்பேர் இதற்குப் பயந்துதான் போகிறார்கள் என்று காவலாளி ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நட்சத்திரப் படத்துக்கு அவர் வந்த வழி விசித்திரமானது. அந்த வீட்டில் அவரும் அக்காவுமாக இருந்தார்கள். அக்கா நூலகம் ஒன்றில் வேலை பார்த்தார். அவரும் தனி ஆள்தான். இப்படியே காலம் போய்விடும் என்று இருவருமே இருந்தபோது, அக்கா ஒரு மதியம் தம்பிக்குச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போனார். அங்கே ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர், மனைவியை இழந்தவர், கண் பரிசோதனைக்காகக் காத்திருந்தார். மிச்சத்தைக் கண்ணாடிக்காரர் வாயாலேயே கேட்க வேண்டும்: “நான் அவருக்குப் படிக்கிற கண்ணாடி போட்டேன். அவர் அக்காவைப் பார்த்துட்டார்.”

கல்யாணத்தில் படம் எடுப்பதற்காகத் தம்பி ஒரு கேமரா வாங்கினார். நன்றாகவே எடுத்தார். அக்கா புருஷனோடு வேறு ஊருக்குப் போனார். “அதுக்கப்புறம் படம் எடுக்க வீட்ல ஆள் இல்ல. சரின்னு மேல பார்த்தேன்,” என்றார் என்னிடம். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடமா என்று எனக்கும் தெரியவில்லை.

வானத்தைப் படம் பிடிப்பதென்றால் கேமராவை உயர்த்திப் பொத்தானை அழுத்துவது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அது பாதி வேலைகூட இல்லையாம். நகரத்து விளக்கு வெளிச்சத்தில் ஒரு படத்தில் ஒன்றும் தேறாது. கறுப்பும் இல்லாத, பழுப்பும் இல்லாத ஒரு பரப்பு. நடுவில் நாலைந்து புள்ளி. எங்கும் மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாகப் புள்ளிச் சிதறல். ஆனால் அதே இடத்தை நூற்றுக்கணக்கில் எடுத்து, நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒரு படத்தில் வந்து இன்னொரு படத்தில் வராத குப்பையெல்லாம் கரைந்துபோய், எல்லாப் படத்திலும் விடாமல் இருப்பது மட்டும் மேலே வரும். அடுக்குகிற வேலையைச் செய்வது மென்பொருள். அடுக்கிய பிறகு மங்கலாகக் கிடப்பதை மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு இழுப்பதும் அதுதான்.

“மூடியைப் போட்டுட்டும் கொஞ்சம் எடுக்கணும் சார்,” என்று ஒருநாள் விளக்கினார். “ஒண்ணுமே இல்லாததைப் படம் எடுக்கணும். அப்பதான் கேமரா தன்பாட்டுக்கு என்ன உளறுதுன்னு தெரியும். அதைக் கழிச்சுட்டா மிச்சம் இருக்கிறது வானம்.”

சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் மொட்டை மாடியில் முக்காலியை நிறுத்தி, வேட்டைக்காரன் என்கிற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒளிமேகத்தை எடுத்து முடித்துவிடுவார். எடுப்பதில் அவருக்குச் சிக்கல் இல்லை. எந்த மென்பொருள் என்பதில்தான் மாட்டிக்கொண்டார். புதிதாக வருகிறவர்களுக்கு எது நல்லது என்று இணையக் குழு ஒன்றில் கேட்டார். பதில் சொல்ல வந்தவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்தச் சண்டையை ஒரு வாரம் ருசித்துப் படித்தார். கடைசியில் மூன்றை இறக்கி வைத்தார். மூன்றுக்கும் பெயர் வைத்தார்.

முதலாவது சாது. இலவசம். ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து எழுதியது. பார்க்க அழகில்லை, கேட்காமல் எதுவும் செய்யாது. அடுத்து என்ன என்று காத்துக்கொண்டு நிற்கும். இரண்டாவது ஆபீசர். குறிப்பிட்ட நாள் வரை இலவசமாகப் பயன்படுத்தலாம், பிறகு பூட்டிக்கொள்ளும். நூறு பொத்தான்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் பத்து. “ஒரு கையெழுத்துக்கு நாலு மேஜை சுத்த விடறான்,” என்பார். மூன்றாவது அவசரக்குடுக்கை. படங்களைக் கொட்டினால் காபி ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்துவிடும். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் பதில் கிடையாது.

கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நான் அங்கே போய் உட்காருவது வழக்கமாயிற்று. சமையலறையை ஒட்டிய மூலையில், குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மேஜையை நெருக்கிப் போட்டிருந்தார். அவருடைய கம்ப்யூட்டர் பழையது. சாது படங்களை அடுக்கத் தொடங்கினால் உள்ளே இருக்கும் விசிறி ரைஸ் மில்போல இரையும். மூன்று அறை வீட்டில் இத்தனை நெருக்கடி எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். சாத்தியிருந்த ஓர் அறையைக் கண்ணால் காட்டி, “அது அக்கா ரூம்,” என்றார்.

“சத்தம் பெரிசா இருக்கே, விசிறியை மாத்திடலாமே?”

“இருக்கட்டும் சார். வீட்ல ஒரு சத்தம் இருக்குல்ல.”

திரையில் சதவீதக் கோடு நகரும்போது அதோடு பேசுவார். “வாடா, வாடா... நின்னுட்டான் பாருங்க. யோசிக்கிறான்.” சமையலும் நடுவே நடக்கும். இன்னும் இரண்டு பேருக்குத்தான் சமைக்க வருகிறது, ஒரு ஆளுக்குக் கை அளவு பிடிபடவில்லை என்றார். மிஞ்சுவதை மறுநாள் காலையில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போவாராம்.

பதினோரு மணி வாக்கில் அக்காவுக்கு வீடியோவில் பேசுவார். அதற்கு முன்னால் செல்போன் திரையைக் கண்ணாடித் துணியால் துடைப்பார். சுகமா, சாப்பிட்டாயா என்பதெல்லாம் அரை நிமிஷம். பிறகு முழுக்க மென்பொருள்தான். சாது நட்சத்திரத்தை எப்படிப் பொருத்துகிறான், ஆபீசர் நிறத்தை எப்படிப் பிரிக்கிறான், அவசரக்குடுக்கை ஓரத்தில் எப்படிக் கோட்டை விட்டான். மறுபக்கம் பாத்திரம் உருளும் சத்தமும், குழாய்த் தண்ணீர்ச் சத்தமும் கேட்கும். அவ்வப்போது “ம்” என்று ஒரு குரல். பாவம், அந்த அம்மாள் காதிலேயே வாங்கவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். கடைசியில் இரண்டு படமும் தெரியும்படி செல்போனைத் திரைக்கு நேரே பிடித்துக் கேட்பார்: “முதல்லதா, ரெண்டாவதா?”

“ரெண்டுமே நல்லாருக்குடா தம்பி.”

“ஒண்ணைச் சொல்லுக்கா. போன வாரம் ரெண்டாவதுன்னியே.”

“அது போன வாரம். இன்னிக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு.”

போனை வைத்துவிட்டு என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். “கடையில ஒருத்தர் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா எங்க வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம் சார். பவர் சரியா உக்காந்துடுச்சுன்னு எழுதிக் குடுத்துடுவோம். இது அப்படியா? கண்ணுக்குத் தெரியிற வித்தியாசம்.”

அக்காவின் கணவரும் ஒரு நொடி திரையில் எட்டிப் பார்த்துக் கையசைப்பார். இவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, “வணக்கம் சார்,” என்பார். முறைக்கு மாமா. ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாக ஒருவரை மாமா என்று கூப்பிட நாக்கு எழவில்லை. நானும் சார், அவரும் சார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னார்: “டேய், நாங்க கொஞ்சம் பெரிய வீட்டுக்கு மாறிட்டோம். மாசக் கடைசியில வண்டி எடுத்துட்டு வர்றோம். என் கட்டில், பீரோ, தையல் மிஷின் எல்லாத்தையும் கொண்டுபோயிடறேன்.”

அவர் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. “சரிக்கா,” என்றார். “தூசிதான் அடையுது. எடுத்துட்டுப் போறது நல்லதுதான்.” அன்று அவர் எந்தப் படத்தையும் காட்டிக் கேட்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஆள் மாறிவிட்டார். அக்கா வருவதற்குள் ஒரு படம் தயாராக வேண்டும், அச்சடித்து, சட்டம் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு மென்பொருளை முடிவு செய்தாக வேண்டும். ஆபீசரின் கெடுவும் நெருங்கிக்கொண்டிருந்தது. குழுவில் கேட்டால் தினம் ஒரு புது யோசனை வருகிறது என்று குழுவைப் பார்ப்பதையே நிறுத்தினார். முதலில் அவசரக்குடுக்கையைக் கழித்துக் கட்டினார். ஓரத்து நட்சத்திரங்களைத் தறியில் மாட்டிய நூல்போல இழுத்து வைத்திருந்தது. எங்கே திருத்துவது என்றே தெரியவில்லை. மிஞ்சியது இருவர்.

ஆபீசர் கொடுத்த படம் பிரமாதமாக இருந்தது. நான் வலது பக்கம் என்று சொன்னது அதைத்தான். சிவப்பும் நீலமுமாக ஒளிமேகம் விரிந்து, பத்திரிகை அட்டையில் போடலாம் போலிருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் எடுத்ததான்னு சந்தேகமா இருக்கு சார். எதை அமுக்கினேன், எதனால இது வந்துதுன்னு எனக்கே தெரியல. யாரோ சொன்ன வரிசையில அமுக்கிட்டுப் போனேன். அக்கா இது என்னடான்னு ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்லத் தெரியாது.”

“சாது?”

“சாது மங்கல்தான். ஆனா ஒவ்வொரு படியும் எனக்குத் தெரியும். இந்த இடத்துல வெளிச்சத்தைக் கூட்டினேன், இந்த இடத்துல பயந்து நிறுத்திட்டேன். புதுசாக் கத்துக்கிறவனுக்கு இவன் போதும். நான் வளர்ந்தப்புறம் ஆபீசர்கிட்ட போய்க்கிறேன்.”

இப்படியாகச் சாது வென்றான். அதற்குப் பிறகு கடைக்குக் கிளம்புமுன் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார். படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மேகம் குறுக்கிட்டதையும் முக்காலி ஆடியதையும் கழித்தார். மறுபடி அடுக்கினார். வானத்தின் மூலையில் ஏறியிருந்த தெருவிளக்கின் மஞ்சளை உரித்தெடுத்தார். கடைசியில் வந்தது மிக அமைதியான ஒரு படம். ஒரு கையளவு சாம்பல் கலந்த ரோஜா நிறம், அதற்குள் நெருக்கமாக நாலு வெள்ளைப் பொட்டுகள். அவர் முதல்லதா, ரெண்டாவதா என்று கேட்கவில்லை.

அச்சுக்கடை படத்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. தவறு அவருடையதுதான். திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு அத்தனை நாளும் வேலை செய்திருக்கிறார். காகிதத்துக்கு அந்த வெளிச்சம் கிடையாது. அக்கா வரும் நாள் காலையில் படத்தை வாங்கி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். காகிதத்தைப் பிரித்தேன். சட்டத்துக்குள் கறுப்பு. நன்றாக உற்றுப் பார்த்தால் நடுவில் ஏதோ கறை.

“மறுபடி போட நேரம் இருக்கா?”

“வண்டி கிளம்பிடுச்சாம்,” என்றார். படத்தைத் திரும்பச் சுற்றினார். காகிதம் முன்னிருந்த மடிப்பில் உட்காரவில்லை. மூன்று முறை முயன்றார்.

அக்கா வந்தார். தம்பியைப்போலவே நீண்ட முகம். வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் போய் ஒரு மூடியைத் திறந்து பார்த்து, “இவ்வளவு எதுக்குடா?” என்றார். அக்காவின் கணவர் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நேரே கட்டிலைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் இருவர் வந்திருந்தார்கள். நானும் கை கொடுத்தேன். பீரோவைப் படி திருப்பத்தில் இறக்கும்போது அது ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா கணவரின் கை சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்தது.

“மாமா, விரலு! விரலை எடுங்க மாமா,” என்று கத்தினார் கண்ணாடிக்காரர். தோளைக் கொடுத்து முட்டுக் கொடுத்தார். விரல் தப்பியது. மேல் படியில் நின்றிருந்த அக்கா தம்பியையே பார்த்தார்.

புறப்படும் நேரத்தில்தான் அவர் படத்தை எடுத்து வந்தார். கொடுக்கும்போதே, “சரியா வரலக்கா. கறுத்துடுச்சு,” என்றார். மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையாட்டி, அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ஜன்னல் ஓரம் நின்று இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

“சாதுவிலேயே முடிச்சிட்டியா?”

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

“ஆபீசரா இருந்தா சிவப்பா அள்ளிக் கொட்டியிருப்பானே. அந்தத் தெருவிளக்கு மஞ்சள் வலது மூலையில ஏறுதுன்னியே, அதை எடுத்துட்டே போலிருக்கு. நாலு பொட்டும் தனித்தனியாத் தெரியுது. போன மாசம் ஒட்டிக்கிட்டு இருந்துது.”

தம்பி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டை நுனியால் துடைத்தார். வாடிக்கையாளர் யாராவது அப்படிச் செய்தால் கடையில் கோபித்துக்கொள்வாராம். “ரெண்டாவது தடவை அடுக்கினதுல பிரிஞ்சுதுக்கா,” என்றார் கடைசியில்.

நான் தையல் மிஷினின் மேல்பாகத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு கீழே இறங்கினேன். அவர் படத்தைப் புடவையோடு அணைத்துப் பிடித்திருந்தார். இரண்டாம் மாடி திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார்.

“இவ்வளவு ஞாபகம் வெச்சிருக்கீங்களே,” என்றேன்.

“எனக்கு அதுல பாதி புரியாது. ஆனா நடுவுல அவன் நிறுத்திட்டா வேற என்ன பேசுவோம்னு பயமா இருக்கும். நீ எப்படி இருக்கேன்னு கேட்டா நல்லாருக்கேம்பான். நானும் அதையேதான் சொல்லுவேன். அப்புறம்?” படத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “அதுக்குத்தான் ரெண்டும் நல்லாருக்கும்பேன். ஒண்ணைச் சொல்லிட்டா அதோட முடிஞ்சிடுமே.”

“இப்ப முடிவாயிடுச்சே.”

“ஆமா,” என்றார். பிறகு, “அடுத்ததா நிலாவைப் பிடிக்கச் சொல்லணும். அதுக்கு வேற சாஃப்ட்வேர் வேணுமாம், அவன்தான் ஒருநாள் சொன்னான்,” என்று இறங்கத் தொடங்கினார்.

வண்டி தெருமுனை திரும்பும் வரை கண்ணாடிக்காரர் கையை அசைக்காமல் உயர்த்திப் பிடித்தபடி நின்றார். மேலே வந்தோம். அக்கா அறையின் கதவு திறந்தே கிடந்தது. கட்டில் இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. ஒரு பொத்தானும் கொஞ்சம் நூலும் கிடந்தன. அவர் குனிந்து அவற்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மேஜையை இங்க கொண்டுவந்துடலாம் சார். ஒரு கை பிடிங்க.”

தூக்கி வந்தோம். பீரோ நின்ற மூலையில், சுவரைப் பார்க்கப் போட்டோம். நல்ல இடம், ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாது. கம்ப்யூட்டரை இணைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வாசல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒரு தடவை திரும்பி அதைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி திரும்பினார். பிறகு எழுந்து மேஜையின் ஒரு முனையைப் பிடித்தார்.

“வாசலைப் பார்க்கத் திருப்பினா வெளிச்சம் நேரா அடிக்குமே,” என்றேன்.

“அடிக்கட்டும் சார். யாராவது வந்தா தெரியணும்ல.”

திருப்பினோம். திரை முழுக்க ஜன்னல் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. அவர் உட்கார்ந்து, அங்கிருந்து கூடத்தையும் அதற்கு அப்பால் வாசலையும் எட்டிப் பார்த்தார். என்னவோ போதவில்லை போலும். எழுந்து போய், பாதி சாத்தியிருந்த வாசல் கதவைச் சுவரில் முட்டும் வரை தள்ளித் திறந்து, அது திரும்பி வராமல் இருக்கத் தன் செருப்பை அண்டக் கொடுத்துவிட்டு வந்தார்.